வீரா, மணி இரண்டு பேரையும் ஜெர்மனிக்கு அழைத்துப் போகலாமா? அம்மா மதுரையில் தனியாக இருப்பார்

திருநகர்க்காரன் | மார்ச் 9

எல்லோருக்கும் வணக்கம். ஜெர்மனியில் ஹானோவர் நகரத்தில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. அக்டோபரில் சேர வேண்டும். நான், மனைவி, ஏழு வயது மகள் மூவரும் போகிறோம். அம்மாவுக்கு 66 வயது. திருநகர் வீட்டை விட்டு எங்கும் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

வீட்டில் இரண்டு நாய்கள். வீரா சிப்பிப்பாறை, மூன்று வயது. மகள் எந்த அறையில் இருக்கிறாளோ அந்த அறையில்தான் படுப்பான். மணி நாட்டு நாய். பதினோரு வருடத்துக்கு முன்னால் திருப்பரங்குன்றம் கிரிவலப் பாதையில் மழையில் நனைந்து கிடந்த குட்டியை அப்பா துண்டில் சுற்றித் தூக்கி வந்தார். அப்பா போய் நான்கு வருடம் ஆகிறது. அவர் வேலை முடிந்து வருகிற ஆறு மணிக்கு மணி இன்றைக்கும் வாசல் கேட்டருகே போய் உட்கார்ந்துவிடுவான்.

மகள் இரண்டு பேரும் வர வேண்டும் என்கிறாள். அம்மா இரண்டையும் விட்டுவிட்டுப் போங்கள் என்கிறார். சொந்தக்காரர்கள் "நாய்க்கா இவ்வளவு செலவு" என்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியும். எங்களுக்குள் என்ன முடிவெடுப்பது என்பதுதான் தெரியவில்லை. நாய்களோடு வெளிநாடு போனவர்கள் யாராவது சொல்லுங்கள். எப்போது தொடங்க வேண்டும், அங்கே போன பிறகு எப்படி இருக்கும்?

கோச்சடை_78 | மார்ச் 9

தம்பி, முடிவை அப்புறம் எடுங்கள். இந்த வாரமே இரண்டு நாய்களுக்கும் தோலுக்கு அடியில் வைக்கிற மைக்ரோசிப் என்ற அடையாளச் சிப்பைப் போடுங்கள். அதற்குப் பிறகு ரேபிஸ் தடுப்பூசி. இந்த வரிசை மாறவே கூடாது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எனக்கு மாறிப்போனது. நான் நெதர்லாந்து போனேன். மதுரையில் ஒரு மருத்துவர் முதலில் ஊசி போட்டார், சிப் கைவசம் இல்லை என்று இரண்டு வாரம் கழித்துப் போட்டார். எனக்கும் விவரம் தெரியாது. ரத்தப் பரிசோதனையில் தேறியும் விட்டது. சான்றிதழுக்குத் தாள்களை அடுக்கும்போதுதான் சிப் தேதி ஊசித் தேதிக்குப் பின்னால் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். சிப் இல்லாமல் போட்ட ஊசி எந்த நாய்க்குப் போட்டது என்று எப்படி நம்புவது என்பது அவர்கள் கணக்கு. மறுபடி ஊசி, மறுபடி ரத்தம், மறுபடி மூன்று மாதம். நான் தனியாகப் போய் வேலையில் சேர்ந்தேன். நாய் வருகிற நேரத்தில் மறுபடி மதுரைக்கு வந்துதான் கூட்டிப்போக முடிந்தது. உரிமையாளர் பயணம் செய்யும் நாளுக்கு 5 நாள் முன்பின்னுக்குள் நாயும் பயணம் செய்தால்தான் அது சொந்த வளர்ப்புப் பிராணி என்ற கணக்கில் வரும்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கான வரிசையை எழுதுகிறேன், காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். 15 இலக்க எண் உள்ள, ஐ.எஸ்.ஓ. தரத்துச் சிப். பிறகு ரேபிஸ் ஊசி. ஊசி போட்டு குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். அது ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்குப் போக வேண்டும். எதிர்ப்புச் சக்தி ஒரு மில்லிக்கு 0.5 அலகு அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருக்க வேண்டும், முடிவு வந்த நாளிலிருந்து அல்ல. ரேபிஸ் கட்டுக்குள் இருப்பதாக அவர்கள் வைத்திருக்கும் நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை, அதனால்தான் இந்தக் காத்திருப்பு. கடைசியாக, பயணத்துக்கு முந்தைய 10 நாளுக்குள் அரசு கால்நடை மருத்துவரின் சுகாதாரச் சான்றிதழ். அதற்குச் சென்னையில் இருக்கும் மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல், சான்றளிப்பு நிலையத்துக்குப் போக வேண்டும்.

இப்போது மார்ச். அக்டோபருக்கு நேரம் தாராளமாக இருக்கிறது. மே மாதம் கேட்டிருந்தால் பயந்திருப்பேன்.

திருநகர்க்காரன் | மார்ச் 10

அண்ணே, மிக்க நன்றி. இன்று காலையிலேயே இருவருக்கும் சிப் போட்டு, ஸ்கேனரில் எண் வருகிறதா என்று பார்த்து, அதற்குப் பிறகு ஊசி போட்டாயிற்று. தேதியும் நேரமும் புத்தகத்தில் எழுதி வாங்கிவிட்டேன்.

மல்லிகை_மாடி | மார்ச் 10

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். தயவுசெய்து இரண்டு பேரையும் கூட்டிப்போங்கள்.

இங்கே அரசு அடுக்குமாடி வீட்டில் ஒரே ஒரு நாய்தான் வைத்துக்கொள்ளலாம், அதுவும் பட்டியலில் உள்ள சிறிய இனமாக இருக்க வேண்டும். எங்கள் நாய் ராஜபாளையம். வழியே இல்லை என்று செல்லூரில் பெற்றோர் வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். அவர்கள் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் அவன் மாடிப்படியில் என் அறை வாசலிலேயே கிடந்தான். சோறு வைத்தால் முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வான் என்று அம்மா போனில் சொல்வார். அடுத்த கோடையில் போய்விட்டான். ஆறு வருடம் ஆகிவிட்டது. இன்றைக்கும் செல்லூர் வீட்டு மாடிப்படியில் ஏறும்போது என்னால் தலையைக் குனிந்து பார்க்க முடிவதில்லை. உங்களுக்கு வழி இருக்கிறது. இருக்கும்போது விடாதீர்கள்.

உசிலம்பட்டி_வெயில் | மார்ச் 11

மெல்போர்னிலிருந்து எழுதுகிறேன். ஆஸ்திரேலியாவுக்கு இந்தியாவிலிருந்து நாயை நேரடியாகக் கொண்டுவர முடியாது, அவர்கள் அங்கீகரித்த வேறொரு நாட்டில் பல மாதம் வைத்திருந்துதான் கொண்டுவர வேண்டும். எங்கள் கோம்பை நாயைத் தம்பியின் தோட்டத்தில் விட்டேன். மல்லிகை அக்கா சொல்வது போல் எல்லா நாய்க்கும் நடக்காது. எங்களுடையது தோட்டத்து நாயாகவே மாறிவிட்டது. நான் லீவில் போனால் வாலாட்டிவிட்டுத் தம்பி பின்னாலேயே போகிறது. அதைப் பார்க்க எனக்கு நிம்மதிதான்.

யானைமலை | மார்ச் 11

ஒத்தக்கடைக்காரன் நான். கால்நடை ஆய்வாளராக முப்பது வருடம் வேலை பார்த்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, நீங்கள் இரண்டு நாய்க்கும் சேர்த்து ஒரே பதிலைத் தேடுகிறீர்கள். அது கிடைக்காது. மகள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது, அம்மா கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இருவரும் "இரண்டும்" என்கிறார்கள். அந்த வார்த்தையை எடுத்துவிட்டு ஒவ்வொரு நாயாக நினைத்துப் பாருங்கள்.

முதலில் வீரா. சிப்பிப்பாறை வேட்டைக்கு வளர்த்த இனம். விருதுநகர், தூத்துக்குடிப் பக்கத்துக் கரிசல் காட்டில் முயலைக் கண்ணால் பார்த்தே துரத்திப் பிடிக்கும். மூன்று வயதில் அதன் பலம் உச்சத்தில் இருக்கும். அதைக் கயிற்றில் பிடித்து நடத்த உங்கள் அம்மாவால் முடியுமா? தெருவில் ஒரு பூனை குறுக்கே ஓடினால் போதும். 66 வயதில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பயந்து கட்டியே வைத்திருந்தால் அந்த நாயின் வாழ்க்கை அதோடு முடிந்தது. வீரா போகட்டும். அவன் உங்கள் மகளோடு ஒட்டியவன், எந்த ஊரானாலும் அவள் இருக்கும் அறைதான் அவனுக்கு வீடு.

மணிக்குப் பதினோரு வயது. நாட்டு நாய் பதினைந்து வயது வரை இருப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், ஆனால் பதினோரு வயது முதுமைதான். கூண்டுக்குள் பத்து மணி நேர விமானம், புது மண், பனி, மாடிப்படி. அதெல்லாம் அவனால் தாங்க முடியலாம். ஆனால் ஆறு மணிக்கு அவன் போய் உட்காருகிற கேட் அங்கே இல்லை. அவன் உங்களோடு ஒட்டியவனா, அந்த வீட்டோடும் உங்கள் அம்மாவோடும் ஒட்டியவனா என்பதை நீங்கள்தான் சொல்ல முடியும். ஒரு வாரம் அவன் எங்கே படுக்கிறான் என்று மட்டும் கவனியுங்கள்.

மல்லிகை அம்மாவின் ராஜபாளையம் அவர் அறை வாசலில் கிடந்தது. அது அவருடைய நாய். மணி யாருடைய நாய்?

மல்லிகை_மாடி | மார்ச் 11

அய்யா, படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே இருந்தேன். நீங்கள் கேட்டது சரியான கேள்வி. ஆனாலும் இரண்டு நாய்களைப் பிரிப்பது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பசுமலை_டீச்சர் | மார்ச் 12

திருநகர் தம்பிக்கு: மணி தங்கினால் அம்மாவுக்கு ஒத்தாசைக்கு ஆள் வேண்டும். உண்ணி பார்க்க, வீட்டுக்கு வந்து ஊசி போட, மழைக்காலத்தில் நடத்திக் கூட்டிப்போக. "அம்மா பார்த்துக்கொள்வார்" என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். கிளம்பும் முன்பே ஆளைப் பேசி வையுங்கள்.

திருநகர்க்காரன் | மார்ச் 20

யானைமலை அய்யா சொன்னபடி ஒரு வாரம் பார்த்தேன். மணி ஒரு இரவு கூட எங்கள் அறைப்பக்கம் வரவில்லை. அம்மா கட்டிலுக்கு அடியில் படுக்கிறான். அம்மா காலையில் பால் வாங்கக் கேட்டைத் திறக்கும்போது எழுகிறான். சாயங்காலம் அம்மா நாற்காலியைப் போட்டு உட்கார்ந்த பிறகுதான் கேட்டுக்குப் போகிறான். நான் இத்தனை வருடம் அவன் அப்பாவுக்காக மட்டும் அங்கே போகிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவும் அவனும் சேர்ந்துதான் அங்கே உட்காருகிறார்கள்.

மகளிடம் சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே வந்து "பாட்டி தூங்கும்போது மணி இல்லாவிட்டால் பாட்டிக்குப் பயமாக இருக்கும்" என்றாள். மணி தங்குகிறான், வீரா வருகிறான்.

வைகை_வடகரை | மார்ச் 21

தம்பி, நானும் ஹானோவரில்தான் இருக்கிறேன், ஆறு வருடமாக. அண்ணா நகரிலிருந்து ஒரு லாப்ரடாரோடு வந்தோம். உங்கள் முடிவு சரியென்றே எனக்கும் படுகிறது. இப்போது இந்தப் பக்கத்தைச் சொல்கிறேன்.

வீடுதான் பெரிய பாடு. நாய் இருக்கிறது என்பதை முதல் மின்னஞ்சலிலேயே சொல்லுங்கள், மறைக்கவே கூடாது. "நாய், பூனை கூடவே கூடாது" என்று ஒப்பந்தப் படிவத்தில் பொத்தாம்பொதுவாகப் போட்டால் அது செல்லாது என்று ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2013-ல் தீர்ப்பளித்தது. ஆனால் வீட்டுக்காரர் காரணம் காட்டி மறுக்க இடம் உண்டு. நாங்கள் நாயின் போட்டோ, தடுப்பூசி விவரம், ஒரு பக்க அறிமுகக் கடிதம் எல்லாம் சேர்த்து அனுப்பினோம். நாற்பது வீட்டுக்கு எழுதி மூன்று பேர் கூப்பிட்டார்கள். முடிந்தால் தரைத்தளமோ முதல் மாடியோ பாருங்கள்.

குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். அது இல்லாமல் வங்கி, பள்ளி எதுவும் நகராது. நாய்க்கு நகராட்சி வரி உண்டு, அதற்கும் பதிய வேண்டும். ஹானோவர் இருக்கும் லோயர் சாக்சனி மாநிலத்தில் நாய் அடுத்தவருக்கு ஏதாவது சேதம் செய்தால் ஈடுகட்டும் காப்பீடு கட்டாயம், மாநிலப் பதிவேட்டிலும் சேர்க்க வேண்டும். இன்னொன்று, இந்த மாநிலத்தில் முதன்முறையாக நாய் வளர்ப்பவர் எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் எழுத வேண்டும். கடந்த 10 வருடத்தில் தொடர்ந்து 2 வருடம் நாய் வளர்த்திருந்தால் விலக்கு உண்டு, ஆனால் ஆதாரம் வேண்டும். மணியின் பழைய தடுப்பூசிப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். பதினோரு வருட முத்திரைகள் அதில் இருக்கும் அல்லவா?

நம் ஊரில் பகலில் கட்டி வைத்து ராத்திரி அவிழ்த்துவிடுவார்கள். இங்கே கட்டிவைத்து வளர்ப்பதற்கு 2022-லிருந்து தடை. நாயை வெளியே கூட்டிப்போவதும் சட்டப்படி கடமை. இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை அமைதி, ஞாயிறு முழுக்க அமைதி. திருநகரில் ராத்திரி குரைக்கிற நாய்க்கு நல்ல பெயர். இங்கே அதே குரைப்புக்கு வீட்டுக்காரரிடம் புகார் போகும். வந்த அன்றே கீழ்வீட்டுக்கும் மேல்வீட்டுக்கும் போய் உங்கள் போன் எண்ணைக் கொடுத்து, "புது நாய், பழக ஒரு மாதம் ஆகும், தொந்தரவாக இருந்தால் முதலில் எங்களைக் கூப்பிடுங்கள்" என்று சொல்லுங்கள். எங்களுக்கு அதுதான் கைகொடுத்தது.

அம்மா கண்டிப்பாக நெய் கட்டிக் கொடுப்பார். வாங்காதீர்கள். பாலிலும் இறைச்சியிலும் செய்த எதையும் இந்தியாவிலிருந்து கைப்பையில் கொண்டுவர அனுமதி இல்லை. நாய்க்கான இறைச்சித் தின்பண்டமும் அப்படித்தான்.

திருநகர்க்காரன் | மார்ச் 21

அக்கா, மணியின் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். முதல் பக்கத்தில் உரிமையாளர் பெயர் இருக்கும் இடத்தில் அப்பாவின் கையெழுத்து. வீராவின் புத்தகத்திலேயே என் பெயரில் மூன்று வருட ஊசி இருக்கிறது, அது போதும் என்று நினைக்கிறேன். இது அம்மாவிடமே இருக்கட்டும்.

கோச்சடை_78 | ஜூலை 2

தம்பி, ரத்த முடிவு வந்ததா? கூண்டுப் பழக்கம் ஆரம்பித்தாயிற்றா?

திருநகர்க்காரன் | ஜூலை 3

வந்துவிட்டது அண்ணே, தேறிவிட்டான். ஏப்ரல் 20-ல் ரத்தம் எடுத்தது, ஆக ஜூலை 20-க்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் போகலாம். செப்டம்பர் கடைசியில் கிளம்புகிறோம். கூண்டு வாங்கிவிட்டேன். நின்றால் காது மேலே இடிக்கக் கூடாது, உள்ளே திரும்ப முடிய வேண்டும், காலை நீட்டிப் படுக்க முடிய வேண்டும் என்று அளந்து வாங்கியது. சிப்பிப்பாறைக்குக் கால் நீளம் என்பதால் லாப்ரடார் அளவுக் கூண்டு போதவில்லை. கதவைக் கழற்றிவிட்டுக் கூடத்தில் போட்டிருக்கிறோம். முதல் வாரம் பக்கத்திலேயே வரவில்லை. மகள் உள்ளே போய் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள், இப்போது அவனும் போய்ப் படுக்கிறான்.

தூக்க மருந்து கொடுக்கலாமா என்று ஒருவர் கேட்டார்.

யானைமலை | ஜூலை 3

வேண்டவே வேண்டாம். மேலே பறக்கும்போது மூச்சும் ரத்த அழுத்தமும் இறங்கினால் பக்கத்தில் பார்க்க ஆள் இல்லை. விமான நிறுவனங்களும் பொதுவாக மருந்து கொடுத்த நாயை ஏற்பதில்லை. பழக்கம்தான் மருந்து. மகள் போட்டுக் கழற்றிய ஒரு சட்டையைத் துவைக்காமல் கூண்டுக்குள் வையுங்கள்.

சென்னைக்கு எப்படிப் போகிறீர்கள்? பாண்டியன் எக்ஸ்பிரஸில் முதல் வகுப்பு ஏசியில் ஒரு கூபே, அதாவது இரண்டு பேருக்கான தனி அறை, முழுதாக எடுத்தால் நாயைக் கூட வைத்துக்கொள்ளலாம். கூபே கிடைப்பது உறுதி இல்லை. காரில் போவதானால் ராத்திரியில் போங்கள், செப்டம்பரிலும் பகல் வெயில் குறைவதில்லை.

திருநகர்க்காரன் | நவம்பர் 16

வந்து ஏழு வாரம் ஆகிறது. இப்போதுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது.

காரில்தான் சென்னை போனோம். சான்றிதழுக்காக மூன்று நாள் தங்கினோம். பிறகு பிராங்பர்ட். விலங்குகள் பகுதியில் சிப்பை ஸ்கேன் செய்து, தாள்களைப் பார்த்து, இரண்டு மணி நேரத்தில் விட்டுவிட்டார்கள். கூண்டைத் திறந்ததும் வீரா குரைக்கவில்லை, முனகவில்லை. மகள் கழுத்தில் மூக்கைப் புதைத்துக்கொண்டு நின்றான். அவள் விடவே இல்லை.

முதல் பத்து நாள் கஷ்டம்தான். மரத்தரையில் கால் வழுக்கி ஒரே இடத்தில் நின்றுவிடுவான். படுக்கையறையிலிருந்து சமையலறை வரை விரிப்பு வாங்கிப் போட்ட பிறகுதான் நடந்தான். மாடிப்படியில் யார் ஏறினாலும் குரைத்தான். வைகை அக்கா சொன்னபடி கீழ்வீட்டு அம்மாவிடம் முதலிலேயே போய்ச் சொல்லியிருந்தோம். அவர் ஒரு முறை கூப்பிட்டார், திட்டவில்லை, "நான் படி ஏறும்போது அவன் பெயரைச் சொல்லிக்கொண்டு ஏறட்டுமா" என்று கேட்டார். இப்போது "ஃபீரா, ஃபீரா" என்று சொல்லிக்கொண்டே ஏறுகிறார். அவருக்குக் குரைப்பதில்லை.

இனி வருகிறவர்களுக்கு ஒன்று. முதல் மாதம் கழுத்துப் பட்டை ஒன்று, மார்புப் பட்டை ஒன்று என்று இரண்டு கயிறு போடுங்கள். புது ஊரில் வாசல் கதவு திறந்த ஒரு நிமிடத்தில் ஓடிப்போனால் அதற்கு வீடு எது என்றே தெரியாது. மூன்றாம் வாரம் ஊருக்கு வெளியே வயல்பக்கம் நடந்தபோது ஒரு முயல் எழுந்து ஓடியது. யானைமலை அய்யா சொன்ன கரிசல் காட்டு ரத்தம் அந்த ஒரு நொடியில் தெரிந்தது. என் தோள் இரண்டு நாள் வலித்தது. ஒரு கயிறு மட்டும் இருந்திருந்தால் கழுத்துப் பட்டையை உருவிக்கொண்டு போயிருப்பான்.

மகளுக்குப் பள்ளியில் இன்னும் மொழி வரவில்லை. ஆனால் சாயங்காலம் வீராவோடு நடக்கும்போது மற்ற குழந்தைகள் வந்து பேசுகிறார்கள். நாய்க்கு என்ன வயது, தடவலாமா, கடிக்குமா. அவள் முதலில் சரளமாகச் சொன்ன ஜெர்மன் வாக்கியம் "இவன் மதுரையிலிருந்து வந்திருக்கிறான்" என்பது.

மல்லிகை_மாடி | நவம்பர் 16

மணி எப்படி இருக்கிறான்?

திருநகர்க்காரன் | நவம்பர் 17

அக்கா, உள்ளதைச் சொல்கிறேன். முதல் ஐந்து நாள் வீராவைத் தேடினான். கூண்டு இருந்த இடத்தை முகர்ந்து பார்த்துவிட்டு வருவானாம். சாப்பாடு பாதிதான். நான் தினமும் உங்கள் செல்லூர் மாடிப்படியை நினைத்துக்கொண்டேதான் போன் செய்தேன். ஆறாம் நாள் அம்மா தயிர்ச்சோற்றில் முட்டையைப் பிசைந்து கையால் ஊட்டினார், சாப்பிட்டான். இப்போது சரியாக இருக்கிறான். ஒரு பையன் காலையில் வந்து நடத்திக் கூட்டிப்போகிறான், மாதம் ஒரு முறை வீட்டுக்கே மருத்துவர் வருகிறார். நீங்கள் சொன்னதிலும் உண்மை இருந்தது. பிரித்தது அவனுக்கு வலித்தது.

வைகை_வடகரை | டிசம்பர் 18

தம்பி, டிசம்பர் 31 ராத்திரி ஜாக்கிரதை. நம் தீபாவளி முழுவதையும் ஒரே ராத்திரியில் வெடிப்பார்கள். மாலை நான்கு மணிக்கே நடத்திவிட்டு வந்து ஜன்னல்களை மூடிவிடுங்கள். டாஸோ என்ற செல்லப் பிராணிப் பதிவேட்டில் சிப் எண்ணைச் சேர்த்துவிட்டீர்களா? நாய் தொலைந்தால் கண்டுபிடித்தவர்கள் அங்கேதான் கூப்பிடுவார்கள். குளிருக்கு ஒரு மேல்சட்டையும் வாங்குங்கள், சிப்பிப்பாறைக்கு ரோமம் மிகக் குட்டை. நடைபாதையில் பனிக்கு உப்புப் போடுகிற நாட்களில் வீட்டுக்கு வந்ததும் பாதத்தை வெதுவெதுப்பான நீரில் கழுவுங்கள்.

திருநகர்க்காரன் | ஏப்ரல் 4

வீரா முதல் பனிக்காலத்தைத் தாண்டிவிட்டான். ஏப்ரல் 1-லிருந்து ஜூலை 15 வரை காட்டிலும் வயலிலும் நாயை அவிழ்த்துவிடக் கூடாது. பறவைகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும், முயல்கள் குட்டி போடும் காலம். அதனால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் வேலி போட்ட ஒரு புல்வெளியை வாடகைக்கு எடுத்து ஓடவிடுகிறோம். முழு வேகத்தில் அவன் ஓடுவதைப் பார்க்க வேலிக்கு வெளியே ஆட்கள் நின்றுவிடுகிறார்கள்.

பழைய ரேபிஸ் ஊசியின் காலம் முடிவதற்கு முன்பே மார்ச்சில் அடுத்த ஊசி போட்டுவிட்டோம். ஒரு நாள் தவறினாலும் அந்த ரத்தப் பரிசோதனை செல்லாமல் போகும்.

இப்போது ஒரு புதுக் கேள்வி. ஜூன் மாதம் அம்மாவை இங்கே வரவழைக்கிறோம். வருகையாளர் விசாவில் 90 நாள் வரைதான் இருக்கலாம், அவர் ஆறு வாரம் போதும் என்கிறார். மணியை எங்கே விடுவது? நாய் விடுதியில் விட அம்மாவுக்கு மனசில்லை. காலையில் வருகிற பையன் ராத்திரி தங்க முடியாது. இதனாலேயே அம்மா "நான் வரவில்லை" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்.

பசுமலை_டீச்சர் | ஏப்ரல் 4

அம்மாவை வரச் சொல்லுங்கள். எனக்கு ஓய்வு கிடைத்து ஒரு வருடம் ஆகிறது. பசுமலையிலிருந்து திருநகர் எனக்குப் பக்கம்தான். மணியை வீட்டை விட்டு எங்கும் மாற்ற வேண்டாம், நானே வந்து உங்கள் வீட்டில் தங்கிக்கொள்கிறேன். மே மாதத்திலிருந்தே வாரம் மூன்று நாள் வருகிறேன், அவன் என்னைப் பழகட்டும். தயிர்ச்சோற்றில் முட்டை எப்படிப் பிசைய வேண்டும் என்று அம்மா காட்டித் தரட்டும்.

அப்புறம் அம்மாவிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் எந்த நாற்காலியைப் போட்டு உட்காருவார்?